முறை வைத்த அன்பு

மழை எவ்வளவு பெய்தாலும், அதைத் தேக்கி வைக்க ஏரி இல்லாத ஊரில் சித்திரை மாதத்துக் குடங்கள் வெறுமையாகத்தான் இருக்கும். ஏரி நிறைந்திருந்தாலும், எந்த வயலுக்கு எந்த நாளில் எவ்வளவு நேரம் நீர் என்று முறை வைத்துப் பங்கிட்டுக் கொள்ளாவிட்டால், மடையை ஒட்டிய வயலில் பயிர் அழுகும். கடைமடையில் பயிர் கருகும். நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். தமிழில் 'முறை' என்ற ஒரே சொல் ஒழுங்கையும் குறிக்கிறது. ஒருவருக்குரிய வேளையையும் குறிக்கிறது.

மனித உள்ளத்தில் சுரக்கும் இரக்கத்திற்கும் இது பொருந்தும். நம் மக்களிடம் இரக்கத்திற்குப் பஞ்சமில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெருவே திரண்டு வருகிறது. புயல் அடித்தால், வெள்ளம் புகுந்தால், அரிசியும் துணியும் மூட்டை மூட்டையாக வந்து குவிகின்றன. ஆனால் முப்பதாம் நாள் பூசை முடிந்த பின் அந்த வீட்டுத் திண்ணையில் ஆறுதலாக வந்து உட்காருபவர் யார்? வெள்ளம் வடிந்த பின், வேலை இழந்தவரின் அடுப்பை எட்டிப் பார்ப்பவர் யார்? நம் இரக்கம் பெரும்பாலும் மழையாகப் பெய்கிறது, ஏரியாகத் தங்குவதில்லை.

ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன், பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஒரு பங்குத்தந்தையும் அவருடைய பங்கைச் சேர்ந்த சில பெண்களும் இக்கேள்வியை எதிர்கொண்டார்கள். அவர்கள் கண்ட விடை மிக எளியது. ஆயினும் திருச்சபையின் பிறரன்புப் பணியின் போக்கையே அது மாற்றியது. வரலாறு என்றதும் பொதுச்சங்கங்களையும் பேரரசர்களையும் எண்ணும் நாம், சோறு சமைத்து எடுத்துக்கொண்டு தெருவில் நடந்த பெண்களின் வரலாற்றையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

உழவர் மகன் ஒருவர்

அந்தப் பங்குத்தந்தை புனித வின்சென்ட் தே பவுல். 1581இல் பிரான்சின் தென்மேற்குப் பகுதியில், தாக்ஸ் நகருக்கு அருகில் உள்ள பூயி என்னும் ஊரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் கால்நடை மேய்த்தவர். 1600இல் அவர் குருப்பட்டம் பெற்றபோது இருபது வயதுகூட நிறையவில்லை. அக்காலத்தில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்குக் குருத்துவம் என்பது முன்னேற்றத்தின் ஏணியாகவும் இருந்தது. வின்சென்டும் நல்ல வருவாய் உள்ள பதவி ஒன்றைத் தேடிப் பல ஆண்டுகள் அலைந்தார். 1610இல் தம் தாய்க்கு எழுதிய கடிதத்தில், அத்தகைய பதவி விரைவில் கிடைக்கும் என்றும், அதன் பின் ஊருக்குத் திரும்பித் தாயின் அருகில் வாழலாம் என்றும் நம்பிக்கை தெரிவித்தார். புனிதர்கள் பிறக்கும்போதே புனிதர்களாகப் பிறப்பதில்லை என்பதற்கு அக்கடிதம் ஒரு சான்று.

1612இல் பாரிசுக்கு அருகே கிளிஷி என்னும் பங்கின் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டு கோந்தி என்னும் செல்வாக்குள்ள பிரபு குடும்பத்தில் பிள்ளைகளுக்கு ஆசிரியராகச் சேர்ந்தார். அக்குடும்பத்தின் நிலங்களில் உழைத்த ஏழை மக்களைச் சந்தித்தபோதுதான் அவருடைய உள்ளம் மெல்ல மெல்லத் திரும்பத் தொடங்கியது. 1617இல் அந்த மாளிகை வாழ்வை விட்டு விலகி, லியோன் மறைமாவட்டத்தில் இருந்த ஷாத்தியோன் என்னும் சிற்றூருக்குப் பங்குத்தந்தையாகச் சென்றார். அங்கு அவர் இருந்தது ஐந்து மாதங்களுக்குச் சற்றுக் குறைவான காலமே. அந்தக் குறுகிய காலத்தில் நடந்தவையே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

1617 ஆகஸ்டு 20, ஞாயிற்றுக்கிழமை. வின்சென்ட் திருப்பலிக்கான உடைகளை அணிந்துகொண்டிருந்தார். அப்போது பெண் ஒருவர் வந்து ஒரு செய்தி சொன்னார். ஊருக்கு வெளியே, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில், தனித்திருந்த ஒரு வீட்டில் அனைவரும் நோயில் படுத்துவிட்டார்கள். ஒருவருக்கொருவர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆளில்லை என்பதே அச்செய்தி. வின்சென்ட் தம் மறையுரையில் அக்குடும்பத்தின் நிலையை எடுத்துச் சொன்னார். மக்களின் உள்ளம் இளகியது.

அன்று பிற்பகல், ஊரார் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவ்வீட்டை நோக்கி அவர் நடந்தார். வழியில் கண்ட காட்சி அவரை வியப்பில் ஆழ்த்தியது. பெண்கள் கூட்டம் கூட்டமாக அவ்வீட்டிற்குச் சென்றுகொண்டிருந்தார்கள். வேறு பலர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கோடைக் காலமாதலால் வெயிலின் கடுமை தாங்காமல் சிலர் சாலையோரத்தில் உட்கார்ந்து இளைப்பாறினார்கள். பார்ப்பதற்கு ஒரு திருப்பவனி போல் இருந்தது என்று பல ஆண்டுகளுக்குப் பின்னரும் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அவ்வீட்டு நோயாளிகளுக்கு அவர் அருட்சாதனங்களை வழங்கினார். அங்கே உணவுப் பொருள்கள் குவிந்து கிடந்தன.

வேறொருவராக இருந்தால், 'என் மறையுரை எவ்வளவு பலன் தந்திருக்கிறது!' என்று மனம் நிறைந்து வீடு திரும்பியிருப்பார். வின்சென்டின் மனத்தை வேறொரு எண்ணம் அரித்தது. இன்று வந்து குவிந்தவை இந்த நோயாளிகள் உண்ணும் அளவுக்கு மிஞ்சியவை. கோடை வெயிலில் மிச்சம் கெட்டுப்போகும். இன்று வந்த நூறு கால்கள் நாளை மறுநாள் வருமா? இன்னும் சில நாள்களில் இவர்கள் மீண்டும் பழைய நிலையில்தானே கிடப்பார்கள்? இம்மக்களிடம் அன்பு நிறைய இருக்கிறது, முறைதான் இல்லை. இந்த எண்ணமே ஒரு பெரும் பணியின் வித்தாயிற்று.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மக்களின் உணர்ச்சிப் பெருக்கை வின்சென்ட் இழிவாக எண்ணவில்லை. மடை திறந்த அன்பை அவர் கடிந்துகொள்ளவும் இல்லை. அதற்கு வாய்க்கால் வெட்டினார்.

மூன்று நாள்களுக்குப் பின்

ஆகஸ்டு 23ஆம் நாள், ஊர்ப் பெண்கள் சிலரை அவர் ஒன்றுகூட்டினார். அவர்களுள் வசதி படைத்தவர்களும் இருந்தார்கள். எளிய குடும்பத்தினரும் இருந்தார்கள். ஊரில் உள்ள ஏழை நோயாளிகளுக்கு, ஒருவர் ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டு பணிபுரிய அவர்கள் இசைந்தார்கள். மறுநாளே முதல் முறை தொடங்கியது. பின்னர் வின்சென்ட் விரிவான விதிமுறைகளை எழுதினார். நவம்பர் 24ஆம் நாள் மறைமாவட்டம் அவற்றிற்கு ஒப்புதல் அளித்தது. டிசம்பர் 8, அமல உற்பவ அன்னையின் நாளில், 'பிறரன்புச் சபை' முறைப்படி நிறுவப்பெற்றது. அதன் உறுப்பினர்கள் தங்களுக்கு ஏற்றுக்கொண்ட பெயர் 'ஏழைகளின் ஊழியர்' என்பதாகும்.

அந்த விதிமுறைகளைப் படிப்பவர் வியப்படைவார். இறையியல் விளக்கத்தைக் காட்டிலும் சமையற்கட்டின் நடைமுறையே அவற்றில் மிகுதி. முறைக்காரப் பெண் பொருளாளரிடம் அன்றைய செலவுக்கான பணத்தைப் பெற்று, உணவைத் தானே ஆயத்தம் செய்ய வேண்டும். ரொட்டி, சூப்பு, ஆட்டிறைச்சியோ கன்றிறைச்சியோ ஒரு துண்டு, சிறிது திராட்சை இரசம். இறைச்சி விலக்கும் நாள்களில் முட்டை. இவற்றைத் தானே நோயாளியிடம் எடுத்துச் செல்ல வேண்டும். உள்ளே நுழைந்ததும் மலர்ந்த முகத்துடன் நலம் விசாரிக்க வேண்டும். படுக்கையின் மீது சிறு பலகையை வைத்து, துணி விரித்து, கிண்ணமும் கரண்டியும் ரொட்டியும் ஒழுங்காக வைக்க வேண்டும். நோயாளியின் கைகளைக் கழுவிவிட்டு, உணவுக்கு முன் செபம் சொல்ல வேண்டும். இறைச்சியைச் சிறு துண்டுகளாக நறுக்கித் தர வேண்டும். பெற்ற மகனுக்கு ஊட்டும் தாயின் கனிவு அதில் இருக்க வேண்டும்; இன்னும் சொல்லப்போனால், இறைவனுக்கே செய்வதாக எண்ணிச் செய்ய வேண்டும். உள்ளம் சோர்ந்திருப்பவரிடம் மகிழ்ச்சி தரும் சொல் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாலையில் மீண்டும் இரவு உணவோடு வர வேண்டும்.

இவற்றுக்கிடையே ஒரு விதி என் நெஞ்சை விட்டு அகலாதது. பல வீடுகளுக்குச் செல்ல வேண்டிய பெண், உடனிருந்து கவனிக்க ஆள் உள்ள நோயாளியிடம் முதலில் செல்ல வேண்டும். தன்னந்தனியாய்க் கிடப்பவரிடம் கடைசியாகச் செல்ல வேண்டும். ஏன்? தனியாய்க் கிடப்பவரை விட்டு அடுத்த வீட்டிற்கு விரைய வேண்டிய கட்டாயம் அப்போது இராது. அவரருகில் நெடுநேரம் உட்கார்ந்திருக்கலாம். பசிக்கு உணவு போதும். தனிமைக்கு மனிதர் வேண்டும் என்பதை அறிந்த ஒருவரே இப்படி எழுதியிருக்க முடியும். நீர்ப்பாசனத்தில் கடைமடைக்கு மிச்சம் மீதிதான் போய்ச் சேரும். ஷாத்தியோன் ஊரின் முறையில் கடைமடைக்குத்தான் நிறைவான பங்கு.

நோயாளி இறந்துவிட்டால், தன் பிள்ளையைக் கல்லறைக்கு வழியனுப்பும் தாயைப் போல, இப்பெண்கள் அடக்கத்தில் பங்கேற்க வேண்டும் என்றும் விதி கூறுகிறது. உறுப்பினர் எண்ணிக்கை இருபதுக்கு மேல் போகலாகாது. கூட்டம் பெருகினால் குழப்பம் பெருகும். தங்கள் தலைவியை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். பொதுநிலையினரின், அதிலும் பெண்களின், பொறுப்பில் ஒரு பங்கின் பிறரன்புப் பணியை ஒப்படைத்தது அக்காலத்துக்கு ஒரு புதுமையே.

அவ்வாண்டு கிறிஸ்துமஸ் வேளையில் வின்சென்ட் கோந்தி குடும்பத்தின் வேண்டுகோளை ஏற்று பாரிசுக்குத் திரும்பினார். ஷாத்தியோன் தன் பங்குத்தந்தையை இழந்தது, முறையை இழக்கவில்லை. பின்னாளில் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தபோதும் அப்பெண்கள் தங்கள் பணியைக் கைவிடவில்லை. பங்குத்தந்தை மாறினால் பணிகளும் மாறிவிடும் வழக்கத்தைக் கண்டு பழகிய நமக்கு, இச்செய்தி ஒரு பாடம்.

ஆளை அனுப்பிய அன்பு

ஷாத்தியோன் ஊரில் தொடங்கிய பிறரன்புச் சபைகள் விரைவில் பல ஊர்களுக்குப் பரவின. 1629 முதல், புனித லூயிஸ் தே மரியாக் என்னும் கைம்பெண், ஊர் ஊராகச் சென்று அச்சபைகளைப் பார்வையிட்டு ஊக்கப்படுத்தினார். ஆனால் பாரிசு நகரில் ஓர் எதிர்பாராத தடை எழுந்தது. அங்கே சபையில் சேர்ந்தவர்கள் உயர்குடிப் பெண்கள். நல்லெண்ணம் அவர்களிடம் இருந்தது. பணமும் தாராளமாக இருந்தது. ஆயினும் சூப்புப் பானையைத் தூக்கிக்கொண்டு, குறுகிய சந்துகளில் நடந்து, துர்நாற்றம் வீசும் அறைகளில் ஏறி இறங்குவது அவர்களுக்கு இயலாததாகவோ ஏலாததாகவோ இருந்தது. சிலருக்குக் கணவர் இசைவு தரவில்லை. ஆகவே தங்கள் முறை வந்த நாளில் வேலைக்காரிகளை அனுப்பத் தொடங்கினார்கள்.

நோயாளிக்கு உணவு வந்து சேர்ந்தது. அன்பு வந்து சேரவில்லை. கூலிக்குச் சுமந்தவருக்கு அந்த நோயாளி இன்னொரு வேலைச்சுமை மட்டுமே. முறை என்பது நாள்காட்டியில் எழுதப்பட்ட பெயராக மட்டும் நின்றுவிட்டால், ஒழுங்கு இருக்கும், உயிர் இருக்காது.

இத்தடைக்கு விடை ஓர் இடைச்சியின் உருவில் வந்தது. பாரிசுக்கு அருகே உள்ள சுரேன் என்னும் ஊரைச் சேர்ந்த மார்கரித் நாசோ, 1594இல் பிறந்தவர். மாடு மேய்த்துக்கொண்டே எழுத்துக் கற்றவர். கையில் ஓர் அரிச்சுவடியை வைத்துக்கொண்டு, வழியில் போகிறவர்களிடம் இது என்ன எழுத்து, இது என்ன சொல் என்று கேட்டுக் கேட்டுப் படித்தார். தாம் கற்றதைப் பிற பெண் பிள்ளைகளுக்கும் கற்பித்தார். நோயாளிகளுக்குப் பணிபுரியும் சபைகளைப் பற்றிக் கேள்விப்பட்டதும் வின்சென்டிடம் தாமாகவே வந்தார். பெருமாட்டிகள் செய்யத் தயங்கியதைத் தம் கையாலேயே செய்தார். 1633இல், கொள்ளைநோய் கண்ட ஒரு பெண்ணைத் தம் படுக்கையிலேயே படுக்க வைத்துப் பேணியதால் தாமும் அந்நோய்க்கு ஆளாகி இறந்தார்.

அவரைப் போன்ற நாட்டுப்புறப் பெண்கள் சிலர் அதே ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் லூயிசின் இல்லத்தில் ஒன்றுசேர்ந்தார்கள். பிறரன்புப் புதல்வியர் சபை இவ்வாறு தோன்றியது. துறவறப் பெண்கள் என்றால் மடத்தின் மதில்களுக்குள் வாழ்பவர்கள் என்றிருந்த காலம் அது. இப்புதல்வியருக்கு நோயாளிகளின் வீடுகளே மடம், ஊர்த் தெருக்களே முற்றம் என்ற பொருளில் வின்சென்ட் வழிகாட்டினார். மார்கரித் அச்சபை தோன்றும் முன்பே இறந்துவிட்டவர். ஆயினும் முதல் பிறரன்புப் புதல்வி அவரே என்று வின்சென்ட் போற்றி வந்தார்.

மாணவரைத் தைத்த ஒரு கேள்வி

இருநூறு ஆண்டுகள் உருண்டன. பிரெஞ்சுப் புரட்சியில் துறவற சபைகள் ஒடுக்கப்பட்டு, பின்னர் மீண்டும் துளிர்த்தன. 1832இல் பாரிசு நகரைக் காலரா நோய் தாக்கி, 18,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. நகரின் மிக வறிய பகுதிகளுள் ஒன்றான மூஃப்தார் பகுதியில் அந்நாள்களில் அயராது உழைத்தவர் பிறரன்புப் புதல்வியான அருட்சகோதரி ரோசாலி ரந்தூ. 1786இல் பிறந்த இவர், ஏறத்தாழ ஐம்பத்து நான்கு ஆண்டுகள் அந்த ஒரே பகுதியில் பணிபுரிந்து 1856இல் மறைந்தார். எந்த மாடியில் எந்தக் குடும்பம், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அதே நகரில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார் பிரெடெரிக் ஒசானாம் என்னும் இளைஞர். மாணவர்கள் கூடி வரலாறு பற்றி விவாதிக்கும் மன்றம் ஒன்றில், திருச்சபை உலகுக்கு ஆற்றிய நன்மைகளை அவரும் நண்பர்களும் எடுத்துரைத்து வந்தார்கள். சமயப் பற்றில்லாத மாணவர்கள் ஒருநாள் அவர்களை மடக்கினார்கள். முற்காலத்தில் கிறிஸ்தவம் பெரிய காரியங்களைச் செய்திருக்கலாம். இன்று நீங்கள் செய்வது என்ன என்பதே அவர்களுடைய கேள்வி. அக்கேள்விக்குச் சொற்களால் விடையளிக்க முடியாது என்பதை ஒசானாம் உணர்ந்தார்.

1833 ஏப்ரல் 23, அவருடைய இருபதாவது பிறந்த நாள். ஒரு பத்திரிகை அலுவலகத்தில் சில மாணவர்கள் கூடினார்கள். அப்பத்திரிகையை நடத்திய எம்மானுவேல் பாயி என்ற குடும்பத் தலைவர் அவர்களுக்குத் துணை நின்றார். ஏழைகளை அவர்களுடைய வீடுகளுக்கே சென்று சந்திப்பது என்று முடிவு செய்தார்கள். ஆனால் எந்த வீட்டிற்குச் செல்வது? எப்படிப் பேசுவது? இதைக் கற்றுக்கொள்ள அவர்கள் நாடியது அருட்சகோதரி ரோசாலியைத்தான். அவர் குடும்பங்களின் பெயர்களைக் கொடுத்தார். ரொட்டிக்கான சீட்டுகளையும் கொடுத்தார். பட்டப்படிப்பு மாணவர்கள் ஒரு கன்னியரின் காலடியில் இருந்து அன்பின் அரிச்சுவடியைப் படித்தார்கள். மாடு மேய்த்த மார்கரித் எழுத்துக் கற்றதும் இப்படிக் கேட்டுக் கேட்டுத்தானே!

புனித வின்சென்ட் தே பவுலைப் பாதுகாவலராக ஏற்ற அச்சிறு குழுவே, இன்று ஏறத்தாழ 150 நாடுகளில், நம் பங்குகளிலும், வின்சென்ட் தே பவுல் சபையாகப் பணிபுரிகிறது. வாரந்தோறும் கூடுவது, இருவர் இருவராக வீடு சந்திப்பது, அடுத்த கூட்டத்தில் அச்சந்திப்பைப் பற்றி எடுத்துரைப்பது என்னும் அதன் எளிய நடைமுறையில், ஷாத்தியோன் பெண்களின் முறையின் சாயலைக் காணலாம். ஒசானாம் 1853இல் நாற்பதாம் வயதில் இறந்தார். 1997இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் பாரிசு மாநகரில் அருளாளராக உயர்த்தினார். 2003இல் ரோசாலியும் அருளாளராக உயர்த்தப்பெற்றார்.

இரக்கமும் நீதியும்

இவ்விடத்தில் ஓர் எதிர்க்கேள்வி எழுவது இயல்பு. ஒரு கிண்ணம் சூப்பும் ஒரு ரொட்டிச் சீட்டும் ஏழ்மையை ஒழித்துவிடுமா? யானைப் பசிக்குச் சோளப்பொரிதானே இது? இன்னும் சிலர் ஒரு படி மேலே சென்று, இத்தகைய சிறு உதவிகள் அநீதியை மூடி மறைக்கும் போர்வைகள் என்றும் கூறுவர். இக்கேள்வியை நாம் எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது.

ஒசானாம் அதை ஒதுக்கவில்லை. ஏழைகளின் வீடுகளுக்குள் நுழைந்து பார்த்ததால்தான், கூலி உழைப்பாளிகளுக்கு இழைக்கப்படும் அநீதியை அவர் நேரில் கண்டார். தொழிலாளருக்கு நியாயமான ஊதியம் வேண்டும் என்று பேராசிரியராகவும் எழுத்தாளராகவும் வாதாடினார். வழிப்பறியில் காயமுற்றவருக்கு எண்ணெய் வார்ப்பது இரக்கத்தின் வேலை. வழிப்பறியே நடவாமல் காப்பது நீதியின் வேலை என்னும் கருத்தை, நல்ல சமாரியர் உவமையைக் கொண்டு அவர் விளக்கினார். இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமாறு அவர் யாரையும் கேட்கவில்லை.

வீட்டு வாசலை மிதிக்காமல் நீதியைப் பற்றி மட்டும் பேசுபவருக்கு ஏழை என்பவர் ஒரு புள்ளிவிவரமாகிவிடுவார். நீதியைப் பற்றி எண்ணாமல் உணவு மட்டும் கொடுப்பவருக்கு ஏழை என்பவர் தம் புண்ணியக் கணக்கின் ஒரு வரியாகிவிடுவார். வாரந்தோறும் அதே வீட்டிற்குச் சென்று, அதே மனிதரின் பக்கத்தில் அமர்ந்து, அவர் பேச்சைக் கேட்பவருக்கு இந்த இரு ஆபத்துகளும் குறைவு. அவருக்கு அந்த ஏழை ஒரு பெயர் உள்ளவர். தம்மிடம் கோபித்துக்கொள்ளவும் உரிமை உள்ளவர்.

நம் தெருவில்

இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? நம் பங்குகளில் திருவிழாவின்போது அசனம் நடைபெறுகிறது. ஊர் முழுவதும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கிறது. மிக அழகிய வழக்கம். அது நிலைத்திருக்க வேண்டும். ஆனால் அன்று பந்திக்கு வர முடியாமல் படுக்கையில் கிடப்பவருக்கு யார் இலை எடுத்துச் செல்கிறார்கள்? அதைவிட முக்கியமாக, மறுவாரம் அவருக்கு யார் கஞ்சி காய்ச்சித் தருகிறார்கள்? முதல் வெள்ளிக்கிழமையில் பங்குத்தந்தை நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்கிறார். மாதத்தின் மற்ற நாள்களில் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவது யார்? நற்கருணை ஆண்டவர் வந்து சென்ற வீட்டிற்கு, அதே நற்கருணையை உட்கொள்ளும் அண்டை வீட்டார் வராமல் இருப்பது பொருந்துமா?

இன்று நம் ஊர்களில் தனிமை என்பது புதியதொரு வறுமையாக வளர்ந்து வருகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பணம் மாதந்தோறும் வந்துவிடுகிறது. ஆனால் மாத்திரையைப் பிரித்துக் கொடுக்க, கண்மருத்துவரிடம் அழைத்துச் செல்ல, தொலைபேசி வழியாக வரும் பேச்சுக்கு அப்பால் முகம் பார்த்துப் பேச ஆளில்லாத பெரியவர்கள் எத்தனை பேர்! இன்னொரு பக்கம், நாள் கூலியை நம்பி வாழ்ந்து, கை கால் முறிந்து படுத்த உழைப்பாளியின் குடும்பம். இவ்விரு வீடுகளும் பெரும்பாலும் ஒரே தெருவில்தான் இருக்கின்றன.

இதற்குப் பெரிய கட்டடமோ நன்கொடையோ தேவையில்லை. அந்தக் காலத்து வீடுகளில் சோறு வடிக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்த தாய்மாரை நாம் மறந்துவிடவில்லை. பிடியரிசியின் வலிமை அதன் அளவில் இல்லை. ஒரு நாளும் தவறாமல் எடுத்து வைத்ததில் இருந்தது. அதே பழக்கத்தை நேரத்திற்கும் நாம் விரிக்கலாம். ஓர் அன்பியத்தில் ஏழு குடும்பங்கள் முன்வந்தால், படுக்கையில் இருக்கும் ஒருவருக்கு ஏழு நாளுக்கும் ஆள் உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாரத்தில் ஒரே ஒரு நாள், ஒரு மணி நேரம். அந்த நோயாளி நம் கோவிலுக்கு வருபவரா, வேறு சமயத்தைச் சேர்ந்தவரா என்று கேட்க வேண்டியதில்லை. காயமுற்றவரைத் தூக்கிய சமாரியர் அவருடைய ஊரையும் குலத்தையும் விசாரித்ததாக நம் ஆண்டவர் சொல்லவில்லை.

ஆயினும் மூன்று செய்திகளை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, முறை சிறியதாகவே இருக்கட்டும். ஒரு மாதம் பெரிதாகச் செய்து ஓய்ந்துவிடுவதைவிட, பத்து ஆண்டுகள் சிறிதாகச் செய்வது மேல். இரண்டாவது, நம் முறைக்கு நாமே போக வேண்டும். வேலையாளிடம் பாத்திரத்தைக் கொடுத்தனுப்பும் நாளில் பாரிசு நகரத்துப் பெருமாட்டிகளின் நிலைக்கு நாமும் வந்துவிடுவோம். மூன்றாவது, தனித்துக் கிடப்பவரைக் கடைசியாக வைத்துக்கொள்வோம்; அங்கே கடிகாரத்தைப் பாராமல் அமர்ந்திருப்பதற்காக.

திருவள்ளுவர் ஒப்புரவு என்னும் சொல்லால், ஊரோடு ஒத்து வாழ்ந்து ஊருக்கு உதவும் பண்பைக் குறித்தார். அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். தமிழகத் திருச்சபை அதே சொல்லை மன்னிப்பின் அருட்சாதனத்திற்குப் பெயராகச் சூட்டியிருக்கிறது. இறைவனோடு ஒப்புரவாகும் உள்ளம் அடுத்த வீட்டாரோடும் ஒப்புரவாக வேண்டும் என்பதை இந்த ஒரு சொல்லே நமக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

இறுதித் தீர்ப்பைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையில் வருபவை அனைத்தும் சிறு செயல்கள்தாம்: உண்ணக் கொடுத்தல், குடிக்கக் கொடுத்தல், உடுத்தல், போய்ப் பார்த்தல். அவற்றைச் செய்தவர்களுக்கு, தாங்கள் அவற்றைச் செய்தது கூட நினைவில் இல்லை. நாள்தோறும் செய்து பழகியவற்றை யார்தான் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? நம் இரக்கமும் அந்த அளவுக்குப் பழக்கமாகட்டும். இந்த மாத அன்பியக் கூட்டம் முடிந்து எழுவதற்கு முன், ஒரு தாளில் ஏழு கிழமைகளை எழுதி, அவற்றுக்கு நேராக ஏழு பெயர்களை எழுதிக்கொள்வோம். ஷாத்தியோன் பெண்கள் தொடங்கியதும் அவ்வளவில்தான்.